புது மிஸ்ஸியை ஈ.ரி.யூவில் விடலாமா?

தாதியியல் முடித்துவிட்டு நியமனக் கடிதத்துக்குக் காத்திருக்கும் எங்கள் நண்பர்களுக்கு எல்லாரும் ஒரே புத்திமதியைத்தான் சொல்கிறார்கள். "முதல் ரெண்டு வருசம் மெடிக்கல் வாட்டில நில்லுங்கோ. கை பழகட்டும். அவசர சிகிச்சைப் பிரிவைப் பிறகு பாக்கலாம்." கொழும்பில் வேலை செய்யும் சீனியர் அக்காமார் இதைச் சொல்கிறார்கள். லண்டனில் இருக்கிற மச்சாள் சொல்லுறா. யூரியூப்பில் வரும் அமெரிக்க நேர்ஸ்மாரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுகினம். பிழையான புத்திமதி எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. ஆனால் அது, வாட்டா ஈ.ரி.யூவா எண்டு தெரிவு செய்ய வசதி உள்ள ஊருக்குச் சொன்ன புத்திமதி.

வன்னியில் அந்த வசதி கனபேருக்கு இல்லை. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று மூன்று மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. அடுத்த படியில் மாங்குளம், புதுக்குடியிருப்பு, மல்லாவி, செட்டிகுளம் போன்ற ஆதார வைத்தியசாலைகள். அதற்கும் கீழே பிரதேச வைத்தியசாலைகள். கீழே இறங்க இறங்க "பிரிவு" என்ற சொல்லே கரைந்துவிடும். சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு ஏழு மணிக்கு டியூட்டி எடுத்தால் அடுத்த நாள் காலை ஏழு மணி வரைக்கும் வாட்டும் அவதான், வாசலில் வந்து நிக்கிற ஓட்டோவுக்குள் கிடக்கிற ஆளும் அவதான். மிஸ்ஸி நிக்கிற இடம்தான் ஈ.ரி.யூ. அங்கே போய், புதுசா வந்த பிள்ளையை அவசரப் பிரிவில் விடலாமா கூடாதா எண்டு விவாதிக்கிறதில் பிரயோசனம் இல்லை. அவளை ஏற்கனவே விட்டாச்சு. கையில் என்னத்தைக் கொடுத்து விட்டோம் என்பதுதான் கேள்வி.

எங்களில் ஒருத்தரும் மருத்துவபீடம் இல்லை, கலைப்பீடம். பிறகேன் இந்தக் கதை எண்டு கேட்பீர்கள். எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் இப்ப அந்த வெள்ளை உடுப்போடு நிற்கிறார்கள். எங்கட அப்பா அம்மாவுக்கு நெஞ்சு நோவு வந்தால் அவர்களிடம்தான் கொண்டு போகப் போகிறோம். வேறு தகுதி எங்களுக்கு இல்லை.

வன்னி வாசலுக்கு என்ன வரும் என்று முதலில் பார்ப்போம். ஏ9 வீதியில் மோட்டார்சைக்கிளும் பஸ்ஸும் முட்டினது. மரத்தால் விழுந்தது. யானை அடித்தது. மூச்சு இழுக்கிற குழந்தை. வயலுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்தவர். இடைக்கிடை, பதினைந்து வருசத்துக்கு மேலாகியும் மண்ணுக்குள் கிடந்த வெடிபொருள். எல்லாவற்றுக்கும் மேலே, பாம்பு.

பாம்புக்கடியில் தாதியின் வேலை என்ன என்று ஒருக்கா வடிவாகப் பாருங்கோ, "ஊசி போடுற வேலைதானே" என்று பிறகு சொல்ல மாட்டீர்கள். புடையன் கடித்தால் இரத்தம் உறையாமல் போகலாம். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. சுத்தமான, காய்ந்த, புதுக் கண்ணாடி ரியூப் ஒன்றில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, பிறகு ஒருக்காச் சரித்துப் பார்க்க வேணும். இன்னும் தண்ணியாக ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது. பிளாஸ்ரிக் ரியூப்பில் எடுத்தாலோ, சவர்க்காரம் போட்டுக் கழுவின பழைய கண்ணாடியில் எடுத்தாலோ முடிவு பிழைக்கும். பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. இரவு ரெண்டு மணிக்கு, பத்துப் பேர் சுத்தி நிண்டு கத்தேக்க, அந்தக் கண்ணாடி ரியூப் எந்த அலுமாரியில் இருக்கெண்டு தெரிஞ்சிருக்கிறது வேறு அறிவு.

அதற்குப் பிறகுதான் விஷமுறிவு மருந்து. இங்கே பாவிக்கிற மருந்து இந்தியாவில் செய்து வருவது. உயிரைக் காக்கும், ஆனால் அதே மருந்தே கடும் ஒவ்வாமையையும் கொண்டு வரும். மூச்சு அடைக்கும், பிரஷர் விழும். மருந்து ஏற்றுவதற்கு முன்னமே குறைந்த அளவு அட்ரினலினைத் தோலுக்குக் கீழே கொடுத்தால் அந்த ஆபத்துக் குறைகிறது என்று காட்டிய பெரிய பரிசோதனை, ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரை வைத்து, இலங்கையில்தான் நடந்தது. 2011இல் வெளிவந்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிற ஆய்வு அது. மருந்து ஏறத் தொடங்கின பிறகு கட்டிலடியில் நிக்கிறது ஆர்? டொக்டர் அடுத்த நோயாளியிடம் போய்விடுவார். உதடு வீங்குதா, தோல் தடிக்குதா, குரல் மாறுதா என்று பார்த்துக்கொண்டு நிற்பது தாதி. டொக்டரைத் திரும்பக் கூப்பிடுறதா இல்லையா எண்டு முடிவெடுக்கிறதும் அவதான்.

கட்டுவிரியன் இன்னும் மோசம். நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கேக்க கடிக்கும், கடித்த இடத்தில் நோவும் இருக்காது, அடையாளமும் தெரியாது. விடியப்புறம் எழும்பி "வயித்துக்க பிசையுது" எண்டு சொல்லிக்கொண்டு வருவினம். பிறகு "கண் இமை பாரமாக் கிடக்கு மிஸ்ஸி" எண்டுவினம். அந்த ஒரு வசனத்தில் ஒரு உயிர் இருக்கிறது. அடுத்த சில மணித்தியாலத்தில் மூச்சுத் தசையும் ஓயலாம் என்பதற்கு அதுதான் அறிவிப்பு. அதைக் கேட்ட உடனே விளங்கவும் வேணும், பயமும் வர வேணும்.

விளங்க வேணும் என்று சொல்லும்போது மொழிக் கதை வந்துவிடுகிறது. எங்களுடைய மாவட்டப் பொது வைத்தியசாலைகளை நடத்துவது மாகாண நிர்வாகம், தாதியரை நியமித்து அனுப்புவது கொழும்பில் உள்ள சுகாதார அமைச்சு. யுத்தத்துக்குப் பிறகு வன்னிக்கு முதல் நியமனம் கிடைத்து வந்தவர்களில் தென்பகுதிப் பிள்ளைகளும் கனபேர். அவர்களைத் திட்ட நாங்கள் தயாரில்லை. இருபத்தி மூன்று, இருபத்தி நாலு வயசில், தெரியாத ஊருக்கு, தமிழ் ஒரு சொல் தெரியாமல் அனுப்பப்பட்டவர்கள். கன பேர் "ரிதெனவத" என்று சிங்களத்தில் கேட்டு, பிறகு "நோகுதா அம்மா" என்று தாங்களாகவே பழகிக்கொண்டார்கள். ஆனால் "நெஞ்சு பாரிக்குது", "தலை அம்முது", "கை விறைக்குது", "கண் இமை பாரமாக் கிடக்கு" என்பதெல்லாம் வகுப்பறையில் படிக்கிற தமிழ் இல்லை. அதுவும் பழக ஒரு வருசம் ஆகும். பழகி முடிய இடமாற்றம் வந்துவிடும். அடுத்த வருசம் இன்னொரு புதுப் பிள்ளை, திரும்பவும் முதலில் இருந்து. புதுசாக வருகிறவர் தமிழோ சிங்களமோ, ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு எப்பவும் புதியவர்களாலேயே நடத்தப்படுகிறது என்றால் அங்கே பழகினவர் என்று ஒருத்தர் உருவாகவே மாட்டார்.

எங்கள் சிநேகிதி ஒருத்தியின் முதல் கிழமையைச் சொல்ல வேணும். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அவள் போன முதல் நாள் ஒரு சிஸ்டர் கூட்டிக்கொண்டு போய் ரெஜிஸ்டர் எழுதுற விதம், சாவி வைக்கிற இடம், லீவு போடுற முறை எல்லாம் காட்டினாவாம். ட்ரொலியைத் திறந்து காட்டவில்லை. மூன்றாம் நாள் ஈ.ரி.யூ. நாலாம் நாள் நைற். அந்த இரவு நெஞ்சு நோவோடு ஒரு ஐயா வந்திருக்கிறார். ஈ.சி.ஜி. மெஷினில் பேப்பர் முடிந்து கிடந்தது. புதுப் பேப்பர் ரோல் எங்கே என்று கேட்க, "இது கூடத் தெரியாம என்னத்தப் படிச்சனி?" என்றுதான் மறுமொழி வந்தது. பேப்பர் ரோல் இருக்கும் இடத்தை எந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரியவில்லை. அந்த ஐயா தப்பிவிட்டார். அவள் அடுத்த ஒரு மாதம் டியூட்டிக்குப் போகமுதல் ஒவ்வொரு நாளும் சத்தி எடுத்திருக்கிறாள்.

இது அவளுடைய பலவீனம் இல்லை. 1974இலேயே மார்லீன் கிரேமர் என்ற அமெரிக்கத் தாதியியல் ஆய்வாளர் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். படிப்பில் சொல்லித் தந்த உலகத்துக்கும் வாட்டில் உள்ள உலகத்துக்கும் இடையில் புதியவர் விழுந்து நொறுங்குவதை அவர் யதார்த்த அதிர்ச்சி என்றார். தாதியர் தொழிலை விட்டுப் போவதற்கான காரணத்தை அங்கேதான் தேடினார். பத்து வருடம் கழித்து, 1984இல், பற்றீசியா பெனர் இன்னொன்றைச் சொன்னார்: தாதி ஐந்து படிகள் ஏறித்தான் தேர்ந்தவர் ஆகிறார், முதல் படியில் நிற்பவருக்குக் கைப்பிடியாக விதிகள் வேணும், பக்கத்தில் ஆள் வேணும். தேர்ந்தவருக்கு ஆளைப் பார்த்ததும் "இது சரியில்லை" என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லும். அது பிறவி ஞானம் இல்லை, நூறு நோயாளியைப் பார்த்து வந்தது. பிரித்தானியாவில் புதிதாகப் பதிவு செய்த தாதிக்கு ஒரு மூத்த தாதியைப் பொறுப்பாகப் போடுகிற முறை இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளின் விபத்துப் பிரிவுகளைத் திருத்தி அமைத்தபோது, வருகிறவரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து அனுப்பும் வேலையை அதற்கெனப் பயிற்றிய தாதியிடம் கொடுத்தார்கள்.

எங்கள் நாட்டில் மருத்துவம் முடித்தவருக்கு ஒரு வருட உள்ளகப் பயிற்சி உண்டு. அந்த வருடத்தில் அவர் பிழைவிட்டால் பிடிக்க மேலே ஆள் இருக்கும். டிப்ளோமா தாதி மூன்று வருசப் பயிற்சியில் வாட் வாட்டாகத் திரிந்தவதான், பட்டதாரித் தாதியும் நாலு வருசத்தில் கிளினிக்கல் செய்தவதான். ஆனால் மாணவியாக நிற்பதும் பெயர் ரோஸ்டரில் ஏறி நிற்பதும் ஒன்றில்லை. ரோஸ்டரில் ஏறின அன்று முதல் அவ ஒரு முழு ஆள். கணக்குக்கு முழு ஆள்.

இதைக் கதைத்தால் மூத்தவர்களிடமிருந்து ஒரு பதில் வரும். அதை லேசாகத் தட்டிவிட்டுப் போகவும் ஏலாது. "2009இல ஆர் பிள்ளை பயிற்சி தந்தது? நாங்கள் பங்கருக்குள்ள நிண்டு செய்தனாங்கள்."

உண்மை. கிளிநொச்சியில் இருந்து தருமபுரம், உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஆஸ்பத்திரி சனத்தோடு சேர்ந்து இடம்பெயர்ந்தது. பள்ளிக்கூடக் கட்டடமும் தறப்பாளும் சத்திரசிகிச்சைக் கூடமாகின. 2008 டிசெம்பருக்கும் 2009 மே தொடக்கத்துக்கும் இடையில் வைத்தியசாலைகள் மீது குறைந்தது 30 தாக்குதல்கள் நடந்ததாக மனித உரிமைக் கண்காணிப்பகம் அந்த மே மாதமே சொன்னது. மருந்தும் மயக்க மருந்தும் தட்டுப்பட்டதை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் பதிந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் ஏறக் கிடைத்தவர்கள் போக, மற்ற எல்லாரும் அங்கேயே. அங்கே நின்ற வைத்தியர்களின் பெயர்கள் உலகத்துக்குத் தெரியும். சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா என்று செய்திகளில் வந்தது. கட்டுப் போட்ட, சேலைன் போத்தலைக் கையில் தூக்கிக்கொண்டு நின்ற தாதியரினதும் தொண்டர்களினதும் பெயர்களை ஊரில் சில பேருக்குத்தான் தெரியும். வடக்கில் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இருந்ததையும் நாங்கள் பார்த்து வளர்ந்தோம்.

ஆனால் அந்த அக்காமார் பயிற்சி இல்லாமல் செய்தது, பயிற்சி தேவையில்லை என்பதால் இல்லை. பாதை பூட்டியிருந்தது, மருந்து வரவில்லை, ஆள் வரவில்லை. இன்றைக்குப் பாதை திறந்திருக்கிறது. ஏ9இல் இரவு பகலாக பஸ் ஓடுகிறது. இன்றைக்கு ஒரு பிள்ளை ட்ரொலியில் என்ன இருக்கெண்டு தெரியாமல் நைற் டியூட்டிக்குப் போறாள் எண்டால் அது ஷெல் அடியால் வந்த நிலைமை இல்லை, நிர்வாகம் செய்த நிலைமை. அந்தக் காலத்து வீரத்தை இந்தக் காலத்துக் கவலையீனத்துக்குச் சாட்டாக வைக்கிறது அந்த அக்காமாருக்குச் செய்கிற மரியாதையும் இல்லை. அவர்களிடம் இருந்து எடுக்க வேண்டியது வேறு. ஒரே நேரத்தில் நாப்பது பேர் வந்தால் ஆரை முதல் தூக்குறது, கையில் ஒண்டும் இல்லாமல் இரத்தத்தை எப்படி அடக்குறது என்று அவர்களுக்குத் தெரிந்தது வேறு ஒருத்தருக்கும் தெரியாது. அதை ஒரு பின்னேரமாவது இருந்து கேட்டு எழுதி வைக்க எந்தத் தாதியர் கல்லூரியாவது முயன்றதாக நாங்கள் கேள்விப்படவில்லை. அவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இடையில் ஒன்று. ஈ.ரி.யூவில் புதியவர் முதலில் பழகுவது பல நேரம் வைத்தியம் இல்லை, ஏச்சு. நஞ்சு குடித்துக் கொண்டுவரப்பட்ட பிள்ளையைப் பார்த்து "உனக்கு வேற வேலை இல்லையோ" எண்டு கேக்கிறதை எத்தனை வாட்டில் கேட்டிருக்கிறோம். வயல் மருந்து குடித்தவருக்கு இரவு முழுக்க அட்ரோபின் கொடுத்து, நாடி, கண்மணி, வியர்வை, நெஞ்சில் சளிச் சத்தம் என்று திரும்பத் திரும்பப் பார்த்து உயிரைப் பிடித்து வைத்திருப்பது தாதிதான். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றின ஆளை விடிய ஒரு சொல்லால் திரும்பக் கொல்லுறது என்ன நியாயம்? கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்ததால் இந்த நாட்டில் தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. சட்டத்தால் செய்யக்கூடியதைச் சட்டம் செய்தது. மிச்சம் கட்டிலடியில் நிற்பவரின் வாயில் இருக்கிறது. புதியவரிடம் அந்த ஏச்சு இல்லை. பழக்கினால்தான் வரும்.

ஏற்றி அனுப்புவதும் தனி வேலை. முல்லைத்தீவில் இருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். வடக்கு முழுவதுக்கும் போதனா வைத்தியசாலை அது ஒன்றுதான். 2018 ஜூலையில் வடக்குக்கு வந்த 1990 சுவசெரிய, வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் ஆளைத் தூக்குவதற்கு. ஆஸ்பத்திரியில் இருந்து ஆஸ்பத்திரிக்கு எண்டால் எங்கட அம்புலன்ஸ், எங்கட மிஸ்ஸி. ரெண்டு மணித்தியாலம் ஓடுகிற வண்டிக்குள் நோயாளியோடு அவ தனி. வாட்டில் ஒரு ஆள் குறைவு. புதியவர் என்றால் ரெண்டு பக்கமும் ஆபத்து: அனுப்பினாலும் தனி, விட்டிட்டுப் போனாலும் தனி.

எங்கட ஊர்ப் பிள்ளைகளே வந்தால் மொழியும் சரி, இடமாற்றமும் குறையும் எண்டு சொல்லுவினம். சொல்லிப்போட்டுப் போறது லேசு. தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு கேட்கிறார்கள். வன்னியில் உயர்தர விஞ்ஞானம் உள்ள பள்ளிக்கூடம் எத்தனை, அதில் உயிரியலுக்கும் இரசாயனவியலுக்கும் வருசம் முழுக்க ஆசிரியர் இருக்கிறது எத்தனை? எங்களில் பாதிப்பேர் கலைப்பிரிவுக்கு வந்தது வரலாற்றிலும் தமிழிலும் உள்ள காதலால் மட்டும் இல்லை. பயோ படிப்பிக்க ஆள் இல்லை. துணுக்காயில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரசாயன ஆசிரியரைப் போடுவது ஆறேழு வருசம் கழித்து மல்லாவி ஆஸ்பத்திரிக்கு ஒரு மிஸ்ஸியைப் போடுவது. கல்வி அமைச்சும் சுகாதார அமைச்சும் இதை ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதில்லை.

வந்தவர்களும் நிற்பதில்லை என்பார்கள். 2022 நெருக்கடியில் அரச ஊழியர் ஐந்து வருசம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கமே சுற்றறிக்கை விட்டது. போனவரைத் துரோகி என்று முகநூலில் எழுதுகிறவர்கள் அநேகமாக வெளிநாட்டில் இருந்துதான் எழுதுகிறார்கள். சம்பளம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் சிநேகிதியிடம் ஐ.இ.எல்.ரி.எஸ். வகுப்புக்கு எப்ப போகத் தொடங்கினாய் என்று கேட்டோம். அந்த ஈ.சி.ஜி. இரவுக்கு அடுத்த கிழமையாம்.

நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. கட்டடங்கள் வந்திருக்கின்றன, ரிப்பன் வெட்டினவர்களின் படமும் எங்களிடம் இருக்கிறது. நியமனம் கிடைத்த தாதியை முதல் ஆறு கிழமைக்கு ரோஸ்டரில் ஒரு ஆளாக எண்ணக்கூடாது. மேலதிகமாக, ஒரு பழகின தாதியோடு, அதே சிப்டில் நிக்க விட வேணும். அதில் இரண்டு கிழமை யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ உள்ள பெரிய அவசரப் பிரிவில். முதல் நைற் தனியாக இருக்கக் கூடாது. ட்ரொலியை அவவே திறந்து, எண்ணி, திரும்ப அடுக்கிக் காட்டின பிறகுதான் சாவி கையில் கொடுக்க வேணும். தென்பகுதியில் இருந்து வருகிறவருக்கு அந்த ஆறு கிழமையில் வன்னிச் சனம் நோவைச் சொல்கிற சொற்கள் ஐம்பதைச் சொல்லிக் கொடுக்கலாம். அந்தப் பட்டியலை எழுதித் தர எங்கட கலைப்பீடம் தயார். தமிழ்த்துறைக்கு இதைவிட நல்ல களவேலை கிடைக்காது.

"ஆளே இல்லாத இடத்தில் ரெண்டு பேரை எப்பிடி ஒண்டாப் போடுறது?" என்று கேட்பார்கள், கேட்டும் விட்டார்கள். அந்த வெற்றிடம் அவ வருவதற்கு முதல் நாளும் இருந்தது, அதுக்கு முந்தின வருசமும் இருந்தது. அவ இல்லாமல் அத்தனை மாதம் ஓடின ரோஸ்டர் இன்னும் ஆறு கிழமை ஓடும்.